கை தைச்சாச்சுன்னா சரியாயிட்டுன்னு அர்த்தமில்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, நம்ம மாவட்டப் பக்கத்துல கீழ மூலையில நாலு வரி செய்தி ஒண்ணு வந்திருந்தது. ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின்ல கை மாட்டி ஒரு தொழிலாளிக்கு ரெண்டு விரல் துண்டாயிட்டு, ஆஸ்பத்திரியில சிகிச்சை பெற்று வருகிறார்னு முடிச்சிருந்தீங்க. அத நான் டீக்கடையில வச்சு வாசிச்சேன், பக்கத்துல இருந்தவரு "விரல்தானே, உயிருக்கு ஒண்ணுமில்லல்லா"ன்னு சொல்லிட்டு பக்கத்த திருப்பிட்டாரு. எனக்கு அதுக்குப் பிறகு டீ இறங்கல. அந்த "சிகிச்சை பெற்று வருகிறார்"ங்கிற வார்த்தைக்குள்ள ஒரு குடும்பத்தோட ஒரு வருஷ சோறு இருக்கு. எனக்குத் தெரியும், ஏன்னா என் இடது கை அந்த வழியா போயிட்டு வந்த கைதான். அதனாலதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா இருக்கும், வெட்டாம போட்டா நன்றி.

நான் குலசேகரம் பக்கம், ரப்பர் மரத்துப் பட்டைய கீறி பால் எடுக்குற பால்வெட்டுத் தொழிலாளி. இருபது வருஷத்துக்கு மேல இதே வேலைதான், காலையில 4 மணிக்கு நெத்தியில லைட்ட கெட்டிட்டு எறங்கினா வெளிச்சம் வர்றதுக்குள்ள 300 மரம் வெட்டணும், பிறகு பால் எடுக்கணும், ஒறைய வைக்கணும், ஷீட் அடிக்கணும். இது முழுக்க கை வேலை, பட்டையில கத்தி எவ்வளவு ஆழம் போகணும்ங்கிறது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும், கொஞ்சம் கூடினா மரம் காயப்பட்டுரும், கொறைஞ்சா பால் வராது.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஆனி மாச மழையில, செம்மண்ணு வழுக்கி, மேட்டுலருந்து சறுக்கி விழுந்தேன். வலது கையில இருந்த கத்தி மேல இடது கைய ஊணிட்டேன். மோதிர விரலுக்கு அடியில, உள்ளங்கைப் பக்கம், ஒரு இஞ்சு கூட இருக்காது காயம். ரத்தம்தான் கொஞ்சம் கூடுதலா வந்தது, துண்ட சுத்திக் கெட்டிட்டு பக்கத்துல உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு போனேன், பேரு வேண்டாம். அங்க உள்ளவங்க நல்லாத்தான் பார்த்தாங்க, கழுவி, 6 தையல் போட்டு, டிடி ஊசியும் போட்டு அனுப்பிட்டாங்க. போறதுக்கு முன்ன நான் கேட்டேன், "நரம்பு ஏதும் போயிருக்கா சாரே"ன்னு. "நரம்பெல்லாம் ஒண்ணும் இல்ல, ரத்தம் நின்னுட்டு, பத்து நாள் கழிச்சு வந்து தையல் பிரிச்சுக்கிடுங்க"ன்னாங்க.

இந்த நரம்புங்கிற வார்த்தையில கொஞ்சம் நிக்கணும் ஆசிரியர் அவர்களே, ஏன்னா என் ஒரு வருஷம் போனது இந்த வார்த்தையிலதான். நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் நரம்புன்னு ஒரே பேரு. ரத்தம் ஓடுற குழாயும் நரம்பு, தொட்டா தெரியுற உணர்ச்சியக் கொண்டுபோறதும் நரம்பு, விரல இழுத்து மடக்குற கயிறும் நரம்பு. நான் கேட்டது ஒண்ணு, அவங்க பதில் சொன்னது இன்னொண்ணு. விரல மடக்குறது உண்மையில நரம்பு இல்ல, டெண்டன், தசைநாண்னு புஸ்தகத்துல போடுவாங்க. முழங்கைக்குக் கீழ உள்ள சதையில தொடங்கி, மணிக்கட்டு வழியா, உள்ளங்கை வழியா, ஒவ்வொரு விரல் நுனிக்கும் போற வெள்ளைக் கயிறு. சுட்டு விரல்லருந்து சுண்டு விரல் வரைக்கும் ஒரு விரலுக்கு அப்படி ரெண்டு கயிறு, ஒண்ணு நடு மூட்டுக்கு, ஒண்ணு நுனி மூட்டுக்கு. எனக்கு ரெண்டும் அறுந்து போயிருந்தது, மேல தோல் மட்டும் அழகா தைச்சிருந்தது.

தையல் பிரிச்சப்ப விரல் மடங்கல. வீக்கம் வடிஞ்சா சரியாயிரும்னாங்க. வடிஞ்சுது, மடங்கல. எண்ணெய் போட்டு தடவினேன், சூடு ஒத்தடம் போட்டேன், பக்கத்து வீட்டு மைனி சொன்னாங்கன்னு நொச்சி இல வச்சு கெட்டினேன். 7 வாரம் அப்படியே போச்சு. அதுக்குப் பிறகுதான் எங்க கூட வேலை பாக்குற ஒருத்தரு, நாகர்கோவில்ல வாரத்துக்கு ரெண்டு நாள் தோளுக்கும் கைக்கும் மட்டும் பாக்குற எலும்பு டாக்டர் ஒருத்தரு வர்றாரு, போய்ப் பாருன்னு சொன்னாரு. கைக்குன்னு தனியா டாக்டர் உண்டுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். எலும்பு டாக்டர்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனைச்சுட்டு இருந்தேன். அந்த டாக்டர் பேரையும் நான் எழுதல, விளம்பரமா போயிரக் கூடாது.

அவரு என் கைய பார்த்த விதத்த எழுதணும். எக்ஸ்ரே கேக்கல, ஸ்கேன் கேக்கல. மேசை மேல கைய மல்லாத்தி, ஒண்ணும் செய்யாம சும்மா வைங்கன்னாரு. வச்சேன். "இப்பம் உங்க ரெண்டு கையையும் பாருங்கண்ணே"ன்னாரு. வலது கையில சுட்டு விரல் கொஞ்சம் மடங்கி, நடு விரல் அதவிட கொஞ்சம் கூட, மோதிர விரல் இன்னும் கொஞ்சம், சுண்டு விரல் இன்னும் நல்லா மடங்கி, படிப்படியா கிடக்கு. தூங்குற பிள்ளைக்க கை மாதிரி. இடது கையில எல்லாம் அப்படியே மடங்கிக் கிடக்க, மோதிர விரல் மட்டும் நேரா நீட்டி நிக்குது, கூட்டத்துல ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு நிக்குற மாதிரி. அவ்வளவுதான், கயிறு அறுந்திருக்குங்கிறதுக்கு அது போதும். காயம் பட்ட அன்னைக்கே, அந்த மழையில, என் வீட்டு திண்ணையில வச்சே எனக்குத் தெரிஞ்சிருக்கும், எதப் பாக்கணும்னு யாராவது சொல்லித் தந்திருந்தா.

பிறகு பாக்கெட்ல இருந்த பிளாஸ்டிக் பேனாவ எடுத்து என் விரலோட பக்கவாட்டுல மெதுவா இழுத்தாரு. மத்த விரல்ல பேனா கொஞ்சம் ஒட்டி ஒட்டி வருது, அந்த விரல்ல ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு வழுக்கிட்டு போகுது. உணர்ச்சி நரம்பு அறுந்தா அந்த இடத்துல வேர்வையும் நின்னுரும், தோல் காய்ஞ்சு போகும், அதான் பேனா ஒட்ட மாட்டேங்குதுன்னாரு. ஒரு பேனா, ஒரு மேசை, 5 நிமிஷம். இந்தப் பரிசோதனைக்கு காசே கிடையாது. இது தெரிஞ்ச ஒரு ஆள் முதல் நாளே என் கைய பார்த்திருந்தா ஒரே ஆபரேஷன்ல, 3 மாசத்துல நான் மரத்துக்கு கீழ நின்னிருப்பேன்.

7 வாரம் ஆயிட்டதால அறுந்த கயிறு உள்ளங்கைக்குள்ள சுருண்டு இழுத்துட்டு போயிருந்தது, அது ஓடுற குழாயும் தூந்து போயிருந்தது. அதனால ரெண்டு ஆபரேஷன். முதல்ல அந்த வழிய திறந்து சிலிக்கான்ல செஞ்ச மெல்லிசு தண்டு ஒண்ண உள்ள வச்சாரு, அறுந்த உணர்ச்சி நரம்பையும் அப்பமே தலைமுடிய விட மெல்லிசான நூல்ல, கண்ணுல பூதக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு சேர்த்து தைச்சாரு. அந்தத் தண்ட சுத்தி உடம்பு தானா ஒரு வழுவழுப்பான உறை கெட்டும், அதுக்கு 3 மாசம் வேணும். அந்த 3 மாசமும் விரல் விறைச்சுரக் கூடாதுன்னு மத்த கையால மடக்கி மடக்கி விட்டுட்டே இருந்தேன், வீட்டுல வேற வேலை ஒண்ணும் செய்ய முடியாதுல்லா. பிறகு தண்ட எடுத்துட்டு அந்த உறைக்குள்ள புதுக் கயிறு. புதுக் கயிறு எங்கருந்துன்னு கேட்டா, என் கையிலருந்தே. பெருவிரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வச்சு மணிக்கட்ட லேசா மடக்கிப் பாருங்க, நடுவுல ஒரு கயிறு பொடைச்சு நிக்கும். சிலருக்கு பிறவியிலேயே அது இருக்காது, இல்லன்னாலும் ஒரு கொறையும் கிடையாது. அப்படி இருந்தும் இல்லாத மாதிரி கிடக்குற கயிற எடுத்துத்தான் எனக்கு விரல் குடுத்தாரு.

அந்த ரெண்டாவது ஆபரேஷன் முழு மயக்கத்துல இல்ல, கைய மட்டும் மரத்துப் போகச் செய்ற ஊசிதான். முழிச்சு கிடக்கேன், நடுவுல ஒரு துணி மறைச்சிருக்கு. கயித்த ஒரு பக்கம் தைச்சதும் "அண்ணே, மடக்குங்க"ன்னாரு. மடக்கினேன். "கொஞ்சம் தளர்வா இருக்கு, இன்னும் இழுக்கணும்"னு யார்கிட்டயோ சொன்னாரு. மறுபடி மடக்கச் சொன்னாரு. மூணாவது தடவ துணிய விலக்கி, "பாருங்க"ன்னாரு. அஞ்சாறு மாசம் கழிச்சு என் விரல் நான் சொன்னத கேட்டு மடங்குறத நான் படுத்துக்கிட்டே பார்த்தேன். கண்ணு நெறைஞ்சுட்டு, தொடைக்க கை இல்ல, நர்ஸ் பிள்ள தொடைச்சு விட்டா.

இதோட முடிஞ்சுதான்னா இல்ல, பாதி வேலைதான் இது, மீதி பாதி பயிற்சி. இத நம்ம ஆட்களுக்கு யாரும் சொல்றதே இல்ல. தைச்ச கயிறு ரெண்டாவது வாரத்துலதான் ரொம்ப பலவீனமா இருக்குமாம், அப்ப தூக்கினா அறுந்துரும், ஆனா அசைக்காமலே வச்சா சுத்தியும் ஒட்டிப் பிடிச்சுரும். அறுந்துரவும் கூடாது, ஒட்டவும் கூடாது, அந்த நடுவுல கூட்டிட்டு போறதுக்குன்னே கைப் பயிற்சி குடுக்குறவங்க இருக்காங்க. சுடு தண்ணியில போட்டா இளகுற ஒரு பிளாஸ்டிக் தகட்ட என் கை அளவுக்கே வெட்டி வளைச்சு பத்தை செஞ்சு தந்தாங்க. ஒவ்வொரு தடவயும் ஒரு சின்ன கருவிய மூட்டுல வச்சு எத்தனை டிகிரி மடங்குதுன்னு எழுதுவாங்க. ஆறு வாரம் கழிச்சு அரிசிக்குள்ள கைய விட்டு பிசையச் சொன்னாங்க. 3 மாசம் வரைக்கும் ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாதுன்னுட்டாங்க, எனக்க வீட்டுக்காரி தூக்கினா, அவளுக்கு இங்க ஒரு நன்றி எழுதிக்கிடுதேன். இப்பம் என் விரல் முழுசா மடங்காது, உள்ளங்கைய தொட ஒரு விரக்கடை பாக்கி இருக்கு. ஆனா சிரட்டைய பிடிக்குது, கத்திக்கு துணை நிக்குது, திரும்பி மரத்துக்கு போயிட்டேன்.

அந்த ஒரு வருஷம் நான் ஓ.பி. பெஞ்சுல இருந்து பார்த்தது ஒரு பள்ளிக்கூடம். நம்ம மாவட்டத்துல என்னென்ன தொழில் இருக்கோ அத்தனையும் அங்க கை கட்டோட வந்து இருந்தது. குளச்சல் பக்கத்துலருந்து ஒரு படகுத் தொழிலாளி, கயிறு இழுக்குற வின்ச் மெஷின்ல கயிறு சுத்தும்போது பெருவிரல் மாட்டி துண்டாயிட்டு. கூட இருந்தவங்க நல்ல மனசுல, விரல கெடாம கொண்டுபோகணும்னு மீன் போடுற பெட்டியில ஐஸுக்குள்ள புதைச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. நம்ம கடற்கரையில ஐஸுக்கு பஞ்சமா. ஆனா ஐஸ் நேரடியா பட்டா விரல் உறைஞ்சு செத்துரும், பிறகு ஒட்ட வைக்க முடியாது. அவருக்கும் முடியல. கைய வச்சு செய்ற வேலையில கிட்டத்தட்ட பாதிய பெருவிரல்தான் செய்யுது, பிடிக்கிறதுன்னா அதுதான். அவரு என் பக்கத்துல இருந்து, "முப்பது வருஷமா ஐஸுல மீன வச்சு கெடாம கொண்டு வந்தவன் தம்பி நான், என் விரல கெடுத்துட்டேன்"னு சொன்னத இப்பவும் நெனைச்சா மனசு கலங்குது.

அதனால இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிடணும், கடற்கரையில உள்ளவங்க முக்கியமா. துண்டான விரல நல்ல தண்ணியில லேசா கழுவி, நனைச்சு பிழிஞ்ச சுத்தமான துணியில சுத்தி, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாய இறுக்கிக் கெட்டணும். அந்தக் கவர, ஐஸும் தண்ணியும் கலந்த இன்னொரு கவருக்குள்ள வைக்கணும். விரல் குளிரணும், ஆனா ஐஸோ தண்ணியோ அதுல படக் கூடாது. பெயிண்ட் எண்ணெய், மஞ்சப்பொடி, காப்பிப்பொடி ஒண்ணும் போடக் கூடாது. ரத்தத்துக்கு சுத்தமான துணிய வச்சு அழுத்திப் பிடிச்சு கைய மேல தூக்கினா போதும், சணல் கயிறு போட்டு கெட்டக் கூடாது. மோதிரம் போட்டிருந்தா உடனே கழத்திரணும், வீங்கிட்டா கழலாது. இப்படி குளிர்ச்சியா கொண்டு வந்த விரலுக்கு பல மணி நேரம் அவகாசம் உண்டு, ஆனா சதை உள்ள இடம், மணிக்கட்டுக்கு மேல துண்டாச்சுன்னா 6 மணி நேரம்தான், அதுக்குள்ள ரத்தம் ஓட விடணும். துண்டான கைய ஒட்ட வைக்கிற பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊருன்னா, நாகர்கோவில்லருந்து கோயம்புத்தூர் 400 கிலோமீட்டருக்கு மேல, சென்னை ஏறக்குறைய 700. கணக்கு போட்டு பாருங்க.

மோதிரம்னதும் இன்னொண்ணு. ரப்பர் ரோலர்ல ஷீட்ட உள்ள தள்ளும்போது மோதிரமும் வளையலும் போட்ட கையோட நிக்காதீங்க. ஷீட் ஈரமா வழுவழுன்னு இருக்கும், விரல் கூடவே போயிரும், மெஷின் தோல உரிச்சு எடுத்துரும், எலும்ப விட அதுதான் சரி செய்றதுக்கு கஷ்டமாம். சின்ன தோட்டக்காரங்க கரண்டுல ஓடுற ரோலர வாங்கி வைக்கும்போது முன்னால தடுப்புத் தகடும், காலாலயே நிப்பாட்டுற ஒரு சுவிட்சும் வச்சா என்ன செலவாயிரும்? முதலாளிமாரு இத வாசிச்சா தயவு செஞ்சு யோசிங்க.

பெஞ்சுல இன்னொரு பையன், கல்லூரி படிக்கிறவன், பைக்குல போயி மார்த்தாண்டம் ரோட்டுல விழுந்தவன். எலும்பு ஒண்ணும் உடையல, ஆனா வலது கை தோள்லருந்து துணி மாதிரி தொங்குது. கழுத்துலருந்து கைக்கு வர்ற நரம்புக் கத்தை, பைக்குலருந்து தோள் அடிச்சு விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு பிய்ஞ்சு போயிரும். அவங்க வீட்டுல நாலு மாசம் கரண்டு சிகிச்சை வச்சு பார்த்திருக்காங்க, அதுவா சரியாயிரும்னு. நரம்பு வளர்றது ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் கணக்குதான், அது சதைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சதை வத்திப் போயிட்டா பிறகு நரம்பு வந்தும் பிரயோஜனம் இல்ல. அதான் முதல் 3 மாசத்துக்குள்ள, தள்ளிப் போனா 6 மாசத்துக்குள்ள ஆபரேஷன் முடிவு பண்ணிரணும்னு டாக்டர் அவங்க அப்பாகிட்ட பேசிட்டு இருந்தாரு. கைவசம் வேலை செய்ற நரம்புலருந்து ஒரு இழைய எடுத்து முழங்கைய மடக்குற சதைக்கு குடுக்குறதுன்னு படம் வரைஞ்சு காட்டினாரு. நான் கடைசியா அந்தப் பையன பார்த்தப்ப, கை வாய் வரைக்கும் வந்துட்டு. அவனே ஒரு வாய் சோறு எடுத்து சாப்பிட்டு காட்டினத அவங்க அம்மா போன்ல எடுத்து பெஞ்சுல எல்லார்கிட்டயும் காட்டினாங்க.

தோள் கதைக்கு வந்தா எங்க அம்மா. 25 வருஷம் அண்டி ஆபீஸுக்கு, அதான் முந்திரிப் பருப்பு ஆலைக்கு, போனவங்க, இப்பம் சுகர் இருக்கு. ஒரு வருஷமா இடது கை தூக்க முடியல, தலை சீவ முடியல, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியல. வாயு, வாதம்னு சொல்லி தைலம் வாங்கி வாங்கி காசு போச்சு. என் கூட ஒரு நாள் துணைக்கு வந்தவங்கள டாக்டர் சும்மா பார்த்தாரு. தோள் மூட்ட சுத்தி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கு, அது தடிச்சு சுருங்கிப் போயிரும், தோள் உறைஞ்சு போறதுன்னு சொல்வாங்க, நாப்பது வயசுக்கு மேல வரும், சுகர் உள்ளவங்களுக்கு கூடுதலா வரும். அடுத்தவங்க தூக்கி விட்டாலும் கை போகலன்னா இதுவா இருக்கும், அடுத்தவங்க தூக்கி விட்டா போகுது, தானா தூக்க முடியலன்னா அது சதையோட கயிறு கிழிஞ்சதா இருக்கும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேறன்னாரு. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஒண்ணும் சொல்லல, மூட்டுக்குள்ள ஒரு ஊசி, சுகர கட்டுப்படுத்தணும், பிறகு சுவத்துல விரலால ஏறுற பயிற்சி. அடுக்களைச் சுவத்துல கரிக்கட்டையால அம்மா தினமும் ஒரு கோடு போட்டுட்டு வந்தாங்க, எட்டு மாசத்துல கோடு ஜன்னலுக்கு மேல ஏறிட்டு.

முறிவும் பிசகும் பாக்குற நாட்டு வைத்தியரான வர்ம ஆசான்மாரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம போக முடியாது, நம்ம மாவட்டத்துல அவங்கள விட்டுட்டு கை காலப் பத்தி பேச முடியாது. எங்க தாத்தாவுக்கு தோள் பிசகினப்ப ஆசான்தான் போட்டு விட்டாரு, அந்தக் கலை மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு விஷயம், முறிவுக்கு பத்தை வச்சு இறுக்கிக் கெட்டும்போது, பிள்ளைகளுக்கு முக்கியமா, கெட்டுக்கு வெளிய விரல் தெரியணும். விரல் வீங்கி, வெளுத்தோ நீலமாவோ போனா, மரத்துப் போனா, விரல யாராவது நீட்டி விடும்போது பிள்ள அலறினா, அன்னைக்கு ராத்திரியே கெட்ட அவுக்கணும், காலையில பாக்கலாம்னு இருக்கக் கூடாது. இறுக்கத்துல ரத்த ஓட்டம் நின்னு சில மணி நேரத்துல சதை செத்துரும், பிறகு கை ஆயுசுக்கும் கொக்கி மாதிரி சுருண்டுரும். அப்படி சுருண்ட கையோட ஒரு எட்டு வயசுப் பிள்ளைய நான் அந்த பெஞ்சுல பார்த்தேன். இத எழுதுறது யாரையும் குத்தம் சொல்ல இல்ல, ஆசான்மாரே தங்க சீடர்களுக்கு இத சொல்லிக் குடுத்தா அதவிட பலன் ஒண்ணு இல்ல. மாவு கெட்டு போடுற ஆஸ்பத்திரிக்கும் இதே பேச்சுதான்.

கை வைத்தியம் தமிழ்நாட்டுக்கு புதுசும் இல்ல. கொல்லிமலையில 1914ல பொறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில இருந்துக்கிட்டு, தொழுநோயால மடங்கிப் போன விரல்களுக்கு வேற இடத்துக் கயிற மாத்தி வச்சு திறந்து குடுத்தாரு. தொழுநோயில விரல் தானா அழுகி விழல, வலி தெரியாததால காயம் பட்டு பட்டுத்தான் போகுதுன்னு உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரு. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனிப் பிரிவ டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தாரு, அதே ஸ்டான்லியில 2018ல, ரெண்டு கையும் இழந்த ஒருத்தருக்கு இறந்தவரோட கைகள வச்சுப் பொருத்தினாங்க. அதுவும் அரசு ஆஸ்பத்திரி. நம்ம நெய்யூர்ல 1838லயே மிஷன் ஆஸ்பத்திரி வந்தாச்சு, எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் வந்து வருஷக்கணக்கா ஆபரேஷன் செஞ்ச ஊரு. அப்படிப்பட்ட மாவட்டத்துல ஒரு பால்வெட்டுக்காரனுக்கு கைக்கு எங்க போகணும்னு தெரிய 7 வாரம் ஆகலாமா?

அதனால நான் கேக்குறது இதுதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில கைக்கும் தோளுக்கும்னு வாரத்துல ஒரு நாளாவது தனி ஓ.பி. வேணும், ஏற்கனவே ஏதாவது ஏற்பாடு இருந்தா அது குலசேகரத்துலயும் தூத்தூர்லயும் உள்ளவனுக்கு தெரியுற மாதிரி ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொண்ணுலயும் ஒரு போர்டு வைக்கணும். கைப் பயிற்சி குடுக்க ஒரு ஆள் நிரந்தரமா வேணும், டாக்டர் மட்டும் இருந்தா போதாது. கை காயத்த முதல்ல பாக்குற சின்ன ஆஸ்பத்திரியில உள்ள டாக்டர்மாருக்கும் நர்ஸ்மாருக்கும் அந்த மேசைப் பரிசோதனையயும் பேனா பரிசோதனையயும் ஒரு நாள் பயிற்சியா குடுங்க. 2021 டிசம்பர்ல நம்மைக் காக்கும் 48ன்னு சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச வைத்தியம் கொண்டு வந்தாங்க, ரொம்ப நல்ல திட்டம், எத்தனையோ பேர காப்பாத்தியிருக்கு. ரோட்டுல விழுந்தா கிடைக்கிற அந்த முதல் 48 மணி நேரம், ரோலர்ல கை மாட்டினவனுக்கும், படகுல விரல் போனவனுக்கும், தென்னையிலருந்து விழுந்தவனுக்கும் கிடைக்கணும். கைக்கு அந்த நேரம்தான் எல்லாம்.

கடைசியா, அந்த நாலு வரிச் செய்தியில வந்த அண்ணனுக்கு. உங்க பேரு எனக்குத் தெரியாது. கைய தொங்கப் போடாதீங்க, நெஞ்சு ஒசரத்துக்கு மேல தூக்கியே வச்சிருங்க, கெட்டுக்கு வெளிய உள்ள நல்ல விரல்கள டாக்டர்கிட்ட கேட்டுட்டு அசைச்சுட்டே இருங்க, பீடி குடிச்சா விட்டுருங்க, அது ரத்த ஓட்டத்த கொறைச்சுரும். மிச்சம் உள்ள விரல வச்சு பிடிமானம் வர வைக்க வழி இருக்கு, நான் அப்படிப்பட்டவங்கள கண்ணால பார்த்திருக்கேன். என் விலாசத்த ஆசிரியர் அவர்களுக்கு தனித்தாள்ல எழுதி இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன், உங்க வீட்டுல உள்ளவங்க பேப்பர் ஆபீஸ்ல கேட்டா தருவாங்க. எனக்கு இன்னும் மாசத்துக்கு ஒரு தடவ அளவு எடுக்க போகணும், வெட்டு முடிச்சுட்டு 10 மணி பஸ்ஸுக்கு போவேன். சொல்லி அனுப்புங்க, கூடவே கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்,
குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.